பம்பர் வெல்டிங்கில் வளைந்துவிட்டது, போல்ட் ஓட்டை சேரவில்லை – உதவி தேவை

கோத்தகிரி_லோடு:
வணக்கம். என் வண்டிக்கு இரும்பு பிளேட்டில் முன் பம்பர் அடித்தோம். டாக் (அங்கங்கே சின்னப் பொட்டு வெல்டு) வைத்தபோது கச்சிதமாகப் பொருந்தியது. முழு வெல்டிங் முடித்து மாட்டப் போனால் இடது பக்க ஓட்டை ஒரு விரல் அளவு விலகி நிற்கிறது. ஓட்டையைப் பெரிதாக்கிவிடலாமா? சனிக்கிழமை மேட்டுப்பாளையத்துக்குக் காய் லோடு இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

குன்னூர்_மெக்:
எந்த வண்டி? பிளேட் எத்தனை எம்.எம்.? ஆர்க்கா, சி.ஓ.2 வெல்டிங்கா? போட்டோ இருந்தால் போடுங்கள்.

தேயிலைக்காடு:
வண்டி முன்பு எங்கேயாவது இடித்ததா? எனக்கு சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல்தான் சந்தேகம். குறுக்கே டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

பழைய_வெல்டர்:
டாக்கில் பொருந்தியது என்று அவரே எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பதில் போடப் பழகுங்கள் தம்பி. வெல்டு ஆறும்போது சுருங்கும். பட்டறைக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியது இது.

ஊட்டி_பனி:
வெல்டிங் ராடு நமத்துப்போயிருக்கும். இங்கே இருக்கிற பனிக்கு 7018 ராடைச் சூடாக்காமல் நான் தொடுவதே இல்லை.

பழைய_வெல்டர்:
ஈர ராடு போட்டால் வெல்டில் பொத்தல் விழும், விரிசல் வரும். பம்பர் வளையாது.

கோத்தகிரி_லோடு:
பொலிரோ பிக்கப். 6 எம்.எம்., ஆர்க். உள்பக்கம் மட்டும் ஒரே ஓட்டமாக அடித்தார்கள். பம்பரை சேசிஸோடு சேர்க்கும் பிராக்கெட்டும் ஒட்டியாச்சு.

குன்னூர்_மெக்:
அப்போ காரணம் அதுதான் அண்ணா. உள்பக்க வெல்டு சுருங்கியதில் இரண்டு முனையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள், குலுங்கிக் குலுங்கி போல்ட் தளரும். பிராக்கெட்டை மட்டும் கிரைண்டரில் வெட்டி எடுங்கள். அதை முதலில் சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கி, பம்பரை ஜாக்கியில் தாங்கி மட்டம் பார்த்து, அங்கேயே டாக் வையுங்கள். அதற்கு முன் பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது முக்கியம். அப்புறம் கீழே இறக்கி, கனமான சி-சேனலில் (சி வடிவ இரும்புச் சட்டம்) கிளாம்ப் போட்டுக் கட்டி, இங்கே ஒரு அங்குலம் அங்கே ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லுங்கள். முழுக்க ஆறும்வரை கிளாம்பை எடுக்க வேண்டாம். வளைவு கண்ணை உறுத்தினால் வெளிப்பக்கம் கோடு கோடாகச் சூடேற்றி ஆறவிட்டால் ஓரளவு திரும்பும்.

மசினகுடி_டிரைவர்:
6 எம்.எம். எதற்கு? ஒரு சதுர மீட்டரே 47 கிலோ. கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவும் முன்னால் தொங்கினால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் என்னாவது? 3 எம்.எம். போட்டு உள்ளே குறுக்குப் பட்டை கொடுத்தாலே போதும்.

தேயிலைக்காடு:
எஸ்டேட் ரோட்டில் ராத்திரி காட்டெருமை குறுக்கே நின்றால் 3 எம்.எம். தாங்குமா?

மசினகுடி_டிரைவர்:
பெரிய கடா ஒரு டன் வரும். இடித்தால் நீங்கள் போட்ட இரும்பு நசுங்காது, அதிர்ச்சி நேராக சேசிஸுக்குப் போய் உங்கள் நெஞ்சுக்கு வரும். மெதுவாகப் போனால் மாடும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள்.

ஊட்டி_பனி:
சட்டத்தையும் பாருங்கள். வண்டி முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் கம்பிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் போடலாம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

தேயிலைக்காடு:
மலையில் எத்தனை ஜீப் கம்பியோடு ஓடுகிறது, அதையெல்லாம் யார் பிடித்தார்கள்?

பழைய_வெல்டர்:
பிடிக்கவில்லை என்பதால் சரியாகிவிடாது. கேட்டது வெல்டிங் சந்தேகம், அதற்கு மேலே பதில் வந்துவிட்டது. சண்டையைத் தனி இழையில் போடுங்கள்.

கோத்தகிரி_லோடு:
பிராக்கெட்டை வெட்டி வண்டியிலேயே வைத்து டாக் அடித்தோம், போல்ட் கையாலேயே ஏறுகிறது. நன்றி குன்னூர் தம்பி. லோடுக்குப் பழைய பம்பரையே மாட்டிக்கொண்டு போகிறேன்.

குன்னூர்_மெக்:
சந்தோஷம் அண்ணா. புதியதை மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பம்பரின் மொத்த எடை எவ்வளவு என்று தராசில் வைத்துச் சொல்ல முடியுமா?