அவர் கதையை நான் மேடையில் சொல்லலாமா?

நூல்கண்டு:
எங்கள் நாடகக் குழுவில் ஐந்து பெண்கள். எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது, வாரக் கடைசியில்தான் ஒத்திகை. இந்த முறை 'செவன்' எடுத்திருக்கிறோம். தெரியாதவர்களுக்கு: ஏழு பெண் நாடகாசிரியர்கள், ஏழு நாடுகளைச் சேர்ந்த ஏழு பெண்களிடம் பேட்டி எடுத்து எழுதியது. 2008-ல் நியூயார்க்கில் முதலில் மேடையேறியது. பாகிஸ்தானின் முக்தாரன் மாய், நைஜீரியாவின் ஹஃப்ஸத் அபியோலா, கம்போடியாவின் மு சோச்சுவா, வடக்கு அயர்லாந்தின் இனெஸ் மெக்கார்மக் என்று போகும். அரங்க அமைப்பு பெரிதாக வேண்டாம், உட்கார்ந்து வாசித்தாலே போதும்.

எனக்கு முக்தாரன் மாய் பங்கு. தம்பி மேல் ஒரு பழியைப் போட்டு, அதற்குப் பதிலாக ஊர்ப் பஞ்சாயத்தின் பேரில் 2002-ல் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டவர். அவமானத்தில் செத்துப்போவார் என்று ஊர் காத்திருக்க, அவர் வழக்குப் போட்டார், இழப்பீட்டுப் பணத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். மூன்றாவது ஒத்திகையில் அந்தப் பகுதியைப் படிக்கும்போது அழுதுவிட்டேன். கையில் இருந்த தாள் நனைந்து எழுத்து கலங்கிப்போனது. எல்லோரும் கைதட்டினார்கள். "மேடையிலும் இதே மாதிரி பண்ணு" என்றாள் ஒருத்தி.

வீட்டுக்கு வந்த பிறகு என்னவோ போல இருந்தது. அவர் பட்டதை வைத்து நான் கைதட்டு வாங்கிவிட்டேனோ என்று. மொழி, மதம், வாழ்க்கை எதுவும் எங்கள் இருவருக்கும் ஒன்றில்லை. நானும் பெண் என்பது மட்டும் போதுமா?

ஒப்பனையறை:
இவ்வளவு யோசித்தால் யாரும் நாடகமே போட முடியாது. அடுத்தவர் வாழ்க்கைக்குள் போவதற்குத்தானே நடிப்பு? அது கிடக்கட்டும், அனுமதி வாங்கினீர்களா? மொழிபெயர்த்துப் போடுவதற்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஏழு ஆசிரியர்கள் வேறு. முதலில் அதை முடியுங்கள், குற்ற உணர்ச்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திரைச்சீலை:
அனுமதி விஷயம் சரி. ஆனால் நூல்கண்டுவுக்கு உறுத்துவது வெறும் குற்ற உணர்ச்சி இல்லை.

2001 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஒரு பெரிய நிகழ்ச்சி நடந்தது. புர்காவுக்குள் இருக்கும் ஆப்கன் பெண்ணைப் பற்றிய ஒரு பகுதியை அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரே வாசித்தார். முடிந்ததும் 'ராவா' என்ற ஆப்கன் பெண்கள் அமைப்பைச் சேர்ந்த ஒரு இளம்பெண் புர்காவோடு மேடைக்கு வந்தார். ஓப்ரா அந்தத் துணியைத் தூக்கி விலக்கினார். நல்லெண்ணம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தக் கை எனக்கு இடிக்கிறது. தாலிபான் கண்ணில் படாமல் சிறுமிகளுக்கு வகுப்பு நடத்திய அமைப்பிலிருந்து வந்த பெண்ணுக்குத் தன் முகத்துணியைத் தானே விலக்கத் தெரியாதா? அதே வருடம் அக்டோபரில் ஆப்கானிஸ்தான் மேல் அமெரிக்கக் குண்டு விழத் தொடங்கியபோது, எங்கள் பெயரைச் சொல்லி இதைச் செய்யாதீர்கள் என்ற நிலையைத்தான் ராவா எடுத்தது. அந்தப் பேச்சுக்கு அவ்வளவு பெரிய அரங்கம் கிடைக்கவில்லை.

'நிர்பயா' நாடகத்தைப் பாருங்கள். 2013-ல் எடின்பரோவில் போட்டது. இயக்கிய யாயெல் ஃபார்பர் தென்னாப்பிரிக்கர். அவரும் வெளியாள்தான், ஆனால் டெல்லி சம்பவத்துக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டது நடிகை பூர்ணா ஜெகன்னாதன். மேடையேறிய பெண்கள் தங்களுக்கு நடந்ததைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். கூப்பிட்டுப் போவதும் தானாக நுழைவதும் ஒன்றா?

உங்களை முக்தாரன் மாய் கூப்பிடவில்லை, அது உண்மை. ஆனால் தன் கதையை மேடைக்காக ஒரு நாடகாசிரியரிடம் பேசிக் கொடுத்திருக்கிறார். அதனால் படியுங்கள், அழ மட்டும் வேண்டாம். நீங்கள் அழுதால் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். தாளைத் தாங்கியில் வைத்து, பக்கம் திருப்பும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி படியுங்கள். நான் அவர் இல்லை, அவர் சொன்னதைப் படிக்கிறேன் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கோரஸ்காரி:
திரைச்சீலை சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. அவரவர் கதையை அவரவரே சொல்ல வேண்டும் என்று போனால், நடந்ததை மறுபடி மறுபடி மேடையில் கிளறும் வேலையும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுகிறது. சில சமயம் அடுத்தவர் கதைதான் மறைப்பாக உதவும்.

2013-ல் ஜோர்டானின் அம்மானில், சிரியப் போரிலிருந்து தப்பி வந்த பெண்கள், பழைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் 'டிராய் பெண்கள்' நாடகத்தைப் போட்டார்கள். அதற்கு முன் மேடையே ஏறாதவர்கள். கி.மு. 415-ல் ஏதென்ஸில் அரங்கேறியது அது, அன்றைக்குப் பெண் வேடமும் ஆண்களுக்குத்தான் (கேட்டால் சிரிப்பு வருகிறது, பெண்களின் ஒப்பாரி முழுக்க ஆண் குரலில்). இந்தப் பெண்களுக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லாத கதை. ஆனால் ஊர் எரிந்து, ஆண்கள் செத்து, யார் எங்கே அனுப்பப்படுவோம் என்று காத்திருக்கும் டிராய் அரசி எக்குபாவின் வரிகளுக்கு நடுவே தங்கள் சொந்தப் பேச்சைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒத்திகைக்கு வந்தவர்களில் பலர் பாதியில் விலகினார்கள், வீட்டில் எதிர்ப்பு, ஊரில் இருக்கும் உறவினருக்கு ஆபத்து வருமோ என்ற பயம்.

2014-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் அவர்களை நடிக்க அழைத்தது. விசா மறுக்கப்பட்டது. கடைசியில் காணொளித் திரை வழியாகத்தான் பேச முடிந்தது. கலாச்சார இடைவெளி என்று நாம் பேசுவதில் பாதி பாஸ்போர்ட் இடைவெளிதான்.

பெண் என்பது மட்டும் போதுமா என்று கேட்டீர்களே, இனெஸ் மெக்கார்மக் பகுதியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் வீட்டில் பிறந்து, 1969-ல் கத்தோலிக்கர்களின் உரிமைக்கான ஊர்வலத்தில் நடந்தவர். பிறகு தொழிற்சங்கத்துக்குப் போய், இரண்டு பக்கத்திலும் குறைந்த கூலிக்கு வேலை பார்த்த பெண்களைத் திரட்டினார். அவர் கையில் பெண் என்பதோடு கூலி என்று ஒன்றும் இருந்தது.

நூல்கண்டு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அழாமல், தாங்கி வைத்துப் படித்தோம். படித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை, கொஞ்ச நேரம் பேசவும் இல்லை. எனக்கு அதுவே பிடித்திருந்தது. அனுமதிக் கடிதமும் எழுதிவிட்டேன், பதில் வரவில்லை.

இப்போது வேறு சண்டை. நாங்கள் ஐந்து பேர், பங்கு ஏழு. வேறு நாடுகளில் இதை அமைச்சர்கள், காவல்துறை அதிகாரிகள், ஆண்கள்கூட வாசித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், எங்கள் ஒளியமைப்பைப் பார்க்கும் பையன் மரீனா பிஸ்க்லகோவா பகுதியைத் தானே படிக்கிறேன் என்கிறான், ரஷ்யாவில் வீட்டில் அடிபடும் பெண்களுக்காக 1993-ல் முதல் உதவித் தொலைபேசியைத் தொடங்கியவர் அவர். மூன்று பேர் சரி என்கிறோம், இரண்டு பேர் முடியவே முடியாது என்கிறார்கள். சனிக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.