ஜூன் 26 ஊர்வலத்தால் பிள்ளைகள் தப்புகிறார்களா?

கரும்பலகை:
போதை ஒழிப்பு நாளில் பள்ளிகள் நடத்தும் ஊர்வலமும் உறுதிமொழியும் வீண் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நான் ஆசிரியர். வருடம் தவறாமல் நடத்துகிறேன். ஒரே ஒரு பிள்ளை, நண்பன் நீட்டும்போது அன்று கேட்டதை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டாலும் எனக்குப் போதும்.

ஈரவிறகு:
எழுதியது நான்தான் சார். உங்கள் அக்கறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் பேச்சை மட்டும் நம்பிய கதை ஏற்கெனவே நடந்து முடிந்தது. 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் போலீஸ்காரர்களே பள்ளிகளில் வகுப்பெடுத்தார்கள். அந்தப் பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காதவர்களுக்கும் பின்னாளில் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகள் காட்டின.

ஐஸ்லாந்தைப் பாருங்கள். 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23-லிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். பிள்ளைகளிடம் தவறாமல் கருத்துக்கணிப்பு நடத்தி, முடிவை அந்தந்தப் பகுதிப் பெற்றோரிடமே கொடுத்தார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு நகராட்சி பணம் கொடுத்தது. பெற்றோர் சேர்ந்து இரவில் தெருக்களைச் சுற்றி வந்தார்கள்.

இரு பிள்ளைகளின் அம்மா:
நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு அது. நான் வேலை முடிந்து வீடு வரவே இரவாகிவிடுகிறது. தெருவைச் சுற்ற யாருக்கு நேரம்? அதோடு, விளையாட்டே காப்பாற்றிவிடும் என்றும் சொல்லாதீர்கள். என் அக்கா மகன் முதல்முதலாகக் குடித்ததே ஆட்டம் ஜெயித்த அன்று, அணி நண்பர்களோடுதான்.

ஈரவிறகு:
நீங்கள் சொல்வது சரிதான் அக்கா. பெரியவர்கள் பொறுப்பில் முறையாக நடக்கும் விளையாட்டுதான் பாதுகாப்பு, பிள்ளைகள் தாங்களாகக் கூடி ஆடுவதில் அது இல்லை என்று ஐஸ்லாந்து ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பந்தைக் கொடுத்துவிட்டு நாம் போய்விட்டால் பயனில்லை. கூட ஓர் ஆள் இருக்க வேண்டும், அவன் ஒரு வாரம் வராவிட்டால் தேடுகிற ஆள்.

கரும்பலகை:
அந்த ஆள் பல பிள்ளைகளுக்கு ஆசிரியர்தான் தம்பி. அதனால்தான் என் கூட்டத்தை விட மனமில்லை. போன வருடம் பேச்சு முடிந்ததும் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணன் வீட்டிலேயே புகைக்கிறான், நான் என்ன செய்ய" என்று கேட்டான். கூட்டமே இல்லையென்றால் அவன் யாரிடம் போயிருப்பான்?

இரு பிள்ளைகளின் அம்மா:
உங்களிடம் வந்தான், நல்லது. என் பெண்ணின் வகுப்பில் ஒரு பையனின் பையில் பொட்டலம் இருந்தது என்று மறுநாளே பள்ளியைவிட்டு நீக்கிவிட்டார்கள். உறுதிமொழியில் அவனும்தான் கை நீட்டி நின்றான். இப்போது அவனுக்குப் பள்ளியும் இல்லை, விளையாட்டும் இல்லை. அவனை நீக்கும் முன் ஒருவராவது உட்கார வைத்துப் பேசினார்களா? உங்கள் பள்ளியில் என்ன செய்வீர்கள் சார்?

கரும்பலகை:
எங்கள் விதியும் நீக்கம்தான். இந்த மாதக் கூட்டத்தில் அதை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஆனால் ஊர்வலமும் நடக்கும்.