செனன் அயனின் வேகத்தை லேசர் எப்படி அறிகிறது?

வெள்ளவத்தை மாணவி:
பள்ளி விஞ்ஞான தினத்தில் ஹோல் உந்துபொறி (Hall thruster) பற்றிப் பேசப் போகிறேன். செனன் வாயுவை மின்னேற்றமுள்ள அயன்களாக்கி, அவற்றை வேகமாக வெளியே தள்ளி விண்கலத்தை நகர்த்தும் பொறி அது. 2003இல் ஏவப்பட்டு நிலவுக்குப் போன ஸ்மார்ட்-1 விண்கலத்தில் இருந்த வகைதான். இந்தப் பொறியிலிருந்து வெளியேறும் அயன்களின் வேகத்தை லேசரால் அளக்கிறார்களாம். பொறியைச் சோதிக்கும் வெற்றிடக் கலத்துக்குள் ஓர் உணர்கருவியை நீட்டினால் போதாதா? ஏ.எல். பௌதிகவியல் அளவில் யாராவது விளக்குங்களேன்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
உணர்கருவியும் வைக்கிறார்கள். ஆனால் உந்துபொறியின் வாயருகே வைத்தால் அது பிளாஸ்மாவையே (அயன்களும் இலத்திரன்களும் கலந்த வாயுவையே) குழப்பிவிடும், கருவியும் அரித்துப்போகும். ஒளிக்கு அந்தத் தொல்லை இல்லை.

நிறமாலைக்காரன்:
தங்கச்சி, பட்டமேற்படிப்பில் நான் பிளாஸ்மா நிறமாலையோடுதான் இருந்தேன். எனக்கு மிகப் பிடித்த அளவீடு இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் நெருங்கி வரும்போது ஹோர்ன் சத்தம் கூர்மையாகக் கேட்குமே, அந்த டொப்ளர் விளைவுதான் இங்கேயும். அசையாத செனன் அயன் 834.7 நனோமீற்றர் அலைநீளத்தை உறிஞ்சும். லேசரை எதிர்த்து ஓடிவரும் அயனுக்கு அதே ஒளியின் மீடிறன் கூடித் தெரியும். ஆகவே லேசரின் மீடிறனைக் குறைத்தால்தான் அந்த அயன் உறிஞ்சும். 300 வோல்ட்டில் முடுக்கப்பட்ட அயன் செக்கனுக்கு ஏறத்தாழ 21 கிலோமீற்றர் வேகத்தில் போகும். குறைக்க வேண்டியது சுமார் 25 கிகாஹேட்ஸ், அலைநீளத்தில் வெறும் 0.06 நனோமீற்றர். லேசரை மெல்ல மெல்ல நகர்த்தி, எந்த மீடிறனில் அயன்கள் ஒளிர்கின்றன என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். சராசரி மட்டுமல்ல, எந்த வேகத்தில் எவ்வளவு அயன் என்ற பரம்பலே கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைக் கொடுத்தால் 541.9 நனோமீற்றரில் பச்சை ஒளி திரும்பி வருகிறது. சக்தி எங்கிருந்து கூடியது? இலத்திரன் மோதி, அயன் ஏற்கெனவே ஓர் உயர் மட்டத்தில் தங்கியிருக்கிறது. லேசர் அதை இன்னும் மேலே ஏற்ற, அது வேறொரு தாழ்ந்த மட்டத்துக்கு விழுகிறது. பிளாஸ்மா தானாகவும் அதே பச்சையை வீசுவதால், லேசரைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி, அந்தத் தாளத்தில் வரும் ஒளியை மட்டும் பிரித்தெடுப்பார்கள்.

ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: இது உந்துவிசையை அளப்பதில்லை. அதற்குத் தராசு போன்ற தாங்கி தனியாக உண்டு. லேசர் சொல்வது, அயன் எந்த இடத்தில் எவ்வளவு முடுக்கம் பெற்றது என்பதை. அந்த விவரம் இல்லாமல் பொறியைத் திருத்த முடியாது.

வெள்ளவத்தை மாணவி:
இப்போது விளங்குது அண்ணா! மேடையில் எதையாவது செய்து காட்டலாமா? லேசர் சுட்டி இருக்கிறது.

நிறமாலைக்காரன்:
சுட்டி சரிவராது, அதன் அலைநீளத்தை விரும்பியபடி நகர்த்த முடியாது. பள்ளி ஆய்வுகூடத்தில் நிறமாலைமானிக்கு வைத்திருக்கும் சோடியம் விளக்கைக் கேளுங்கள். அதன் முன்னால் பன்சன் சுடரடுப்பில் உப்பைத் தூவினால், மஞ்சள் சுவாலை கறுத்துத் தெரியும். விளக்கின் ஒளியைச் சுவாலையிலுள்ள சோடியம் உறிஞ்சிவிடுகிறது. மண்டபத்தை இருட்டாக்க வேண்டும், பக்கத்தில் ஆசிரியர் நிற்கட்டும்.