புதிய அதிவேக ரயில்கள் தாமதம்: பாதுகாப்புக்காகவா, சாக்குப்போக்கா?

வண்டிப்பித்தன்:
அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக், 28 புது அசெலா அதிவேக ரயில்களுக்கு 2016-ல் ரயில் தயாரிப்பாளரான ஆல்ஸ்டாமிடம் ஆர்டர் கொடுத்தது. 2021-ல் ஓடும் என்றார்கள். பயணிகளோடு முதல் வண்டி கிளம்பியது 2025 ஆகஸ்ட் 28. கேட்டால் "பாதுகாப்புச் சோதனை" என்பார்கள். திட்டமிடத் தெரியாதவர்களுக்கு எந்த நாட்டிலும் இந்த ஒரு வார்த்தை போதும் போல.

தண்டவாளன்:
சோதனையில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவின் ஃபைரா அதிவேக ரயில் இருக்கிறதே. ஆம்ஸ்டர்டாம்–பிரஸ்ஸல்ஸ் சேவை 2012 டிசம்பரில் தொடங்கியது. அடுத்த மாதமே பனிக்காலத்தில் வண்டிக்கு அடியில் சேதம், ஒரு தகடு கழன்று பாதையில் கிடந்தது. நிறுத்திய வண்டி அந்தப் பாதைக்குத் திரும்பவே இல்லை.

வண்டிப்பித்தன்:
சார், அந்த வண்டியும் 2007-ல் வரவேண்டியதுதான்! ஐந்து வருஷம் தாமதித்தும் அடித்தகடு நிற்கவில்லை. தாமதமானால் தரம் கூடும் என்ற கணக்கு அங்கேயே உதைக்கிறது.

வளைவு_நேர்:
அசெலா விஷயத்தில் பாதையையும் பாருங்கள். பாஸ்டன்–நியூயார்க்–வாஷிங்டன் பழைய தடம், வளைவுக்கு மேல் வளைவு. வளைவில் பெட்டியே சாய்ந்துகொடுக்கும் வண்டி, மணிக்கு 257 கிமீ வரை போகும். அந்தத் தடத்தில் வேகச் சோதனைக்கு விடுமுன், சக்கரமும் தண்டவாளமும் எப்படி ஒத்துப்போகும் என்று கணினி மாதிரியில் காட்டியாக வேண்டும், அது அரசு விதி. மாதிரி வெகுநாள் தேறவே இல்லை. சோதனைக்கு ஒப்புதல் கிடைத்ததே 2024 ஜனவரியில்தான். இதில் சாக்கு எங்கே வந்தது?

வண்டிப்பித்தன்:
விதியை நான் குறை சொல்லவில்லை. மாதிரி தேறும்வரை தொழிற்சாலை காத்திருந்ததா? அதுதான் என் கேள்வி. 2023-ல் ஆம்ட்ராக்கின் சொந்தத் தணிக்கை அலுவலகமே சொன்னது: அதற்குள் 12 ரயில்கள் தயார், பன்னிரண்டிலும் குறை. ஜன்னல் ஓரத்துப் பூச்சு முதற்கொண்டு பட்டியல் நீளம். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து சரிசெய்தால் வருஷம் ஓடத்தானே செய்யும்.

ஷெட்டுக்காரன்:
இரண்டு பேரும் பழைய வண்டியை மறந்துவிட்டீர்கள். 2000-ல் வந்த அசெலாவைத்தான் இத்தனை நாளும் இழுத்து ஓட்டினார்கள். உதிரிபாகம் கிடைக்காமல் ஒரு வண்டியில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று பணிமனையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். அறிவிப்பில் அதெல்லாம் வராது.

தண்டவாளன்:
ஃபைராவின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதே வண்டிகளில் 17-ஐ இத்தாலியின் ரயில் நிறுவனமான ட்ரெனிடாலியா வாங்கி, திருத்தி, 2019 முதல் ஓட்டுகிறது. நேரம் கொடுத்தால் வண்டி தேறுகிறது!

வண்டிப்பித்தன்:
அந்தத் திருத்தத்தை முதல் பயணிக்கு முன்பே செய்திருக்க வேண்டாமா? ஒரே ஒரு ரயிலைக் கட்டுங்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அந்தந்தப் பாதையிலேயே வெறுமனே ஓட்டுங்கள். அது தேறிய பிறகு மிச்சத்தைக் கட்டுங்கள். ஒப்பந்தத்தை இப்படிப் போட என்ன தடை?

வளைவு_நேர்:
தடை பணம்தான். அந்த ஒரு வருஷம் தொழிற்சாலை சும்மா நிற்கும், ஆளுக்குச் சம்பளம் உண்டு. அத்தனையும் விலையில் ஏறும்.

வண்டிப்பித்தன்:
ஏறட்டுமே. கட்டி முடித்த 12 ரயிலை யார்டில் நிறுத்திவைத்ததற்கு மட்டும் செலவு இல்லையா?