பேக்ஸ் மாட்டினா போன் செத்துப் போகுது, அவசரம்

ஏலக்காய்_குமுளி:
பேக்ஸ் மெஷினை லைன்ல மாட்டினதும் போன்ல டோன் போயிடுது. கழட்டினா வந்துடுது. வக்கீல் நாலு மணிக்குள்ள பேப்பர் அனுப்பறார். நேத்து இடி இடிச்சதுல இருந்துதான் இப்படி. சீக்கிரம் சொல்லுங்க.

தேனிச்சாரல்:
என்ன லைனுங்க, பழைய காப்பரா, பைபரா? மெஷின் என்ன மாடல்? வயரை எந்த ஓட்டையில மாட்டினீங்க? ஒண்ணுமே சொல்லலையே.

கம்பம்மெட்டு_மணி:
பைபராத்தான் இருக்கும். என்னோடதும் மக்கர் பண்ணுச்சு. மெனுவுல இ.சி.எம்.னு, தப்பா வந்த பகுதியைத் திரும்ப அனுப்பச் சொல்ற செட்டிங் இருக்கும், அதை ஆப் பண்ணி, அனுப்பற வேகத்தை செகண்டுக்கு 14,400 பிட்ல இருந்து 9,600-க்கு இறக்கினேன், இப்ப ஓடுது.

ஓல்டு_லைன்மேன்:
தம்பி மணி, அவர் டோனே இல்லைங்கறார், நீங்க ஸ்பீடைப் பத்திப் பேசறீங்க. கேள்வியை முழுசாப் படிச்சுட்டு வாங்க.
இது இடி வேலை. மெஷினோட கரண்ட் வயரைப் பிடுங்கிட்டு லைனை மட்டும் மாட்டிப் பாருங்க. அப்பவும் டோன் இல்லைன்னா உள்ள இடியைத் தாங்கறதுக்கு வச்சிருக்கற வேரிஸ்டர்ங்கற பார்ட் ஷார்ட். முப்பது வருஷம் போஸ்ட்ல ஏறினவன் சொல்றேன்.

ஏலக்காய்_குமுளி:
காப்பர்தான். மாடல் ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு, செகண்ட் ஹாண்ட். லைன்னு போட்ட ஓட்டையிலதான் மாட்டினேன். கரண்ட் இல்லாமலும் டோன் இல்ல.

ஓல்டு_லைன்மேன்:
நான்தான் சொன்னேனே. போர்டு போச்சு.

புளியரை_77:
எர்த் இருக்கா? கரண்டுக்கு மட்டும் ஸ்பைக் பாக்ஸ் போட்டா போதாது, இடி டெலிபோன் கம்பி வழியாவும் வரும். லைனுக்கும் இடியை மண்ணுக்குத் திருப்பி விடற அரெஸ்டர் போட்டு எர்த்தை மோட்டார் பைப்புல கட்டிடுங்க.

கம்பம்மெட்டு_மணி:
பைப்பு பி.வி.சி. அண்ணே. எர்த் எங்க போகும்?

புளியரை_77:
எங்க வீட்ல இன்னும் இரும்புதான். வேணும்னா தனியா ஒரு கம்பி அடிச்சுக்கட்டும்.

தேனிச்சாரல்:
தனிக் கம்பி கூடாது. லைன் எர்த்தும் வீட்டு கரண்ட் எர்த்தும் ஒண்ணாச் சேரணும். ரெண்டும் வேறன்னா இடி விழறப்ப நடுவுல மெஷின் மாட்டிக்கும். அதுலயும் அது பாறை மண்ணு, உப்பும் கரியும் போட்ட எர்த் குழியே லேசுல பிடிக்காது.

ஓல்டு_லைன்மேன்:
எங்க காலத்துல உப்புக் குழிதான். எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு.

தேனிச்சாரல்:
அது இருக்கட்டும். குமுளிக்காரரே, போர்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. மெஷின் பக்கம் வயரைக் கழட்டிட்டு, செவுத்துல போன் லைன் வந்து சேர்ற ரோசட் பெட்டிப் பக்கம் மட்டும் மாட்டி வைங்க. மறுமுனை சும்மா தொங்கட்டும். அப்பவும் டோன் இல்லைன்னா வயர்லதான் ஷார்ட்.
வெறுங்கம்பியைத் தொட்டுடாதீங்க. சும்மா இருக்கறப்பவே 48 வோல்ட், மணி அடிச்சா 75-க்குப் பக்கம் போகும், சுளீர்னு இழுக்கும். வானம் கறுத்திருந்தா பெட்டி பக்கமே போகாதீங்க. ஐப்பசி மழை உங்க பக்கம் மத்தியானத்துக்கு மேலதானே இடியோட வரும்? அதுக்கு முன்னாடி கரண்ட், லைன் ரெண்டையும் பிடுங்கிடறது எந்த அரெஸ்டரையும் விட நல்லது.

ஏலக்காய்_குமுளி:
வயர்தான். பீரோவுக்குப் பின்னாடி எலி கடிச்சு, சிவப்புக் கம்பியும் பச்சைக் கம்பியும் ஒட்டிக் கிடக்கு. புது வயர் மாட்டினேன், டோன் வந்துடுச்சு. பேக்ஸ் வர்றதுக்குள்ள இடி ஆரம்பிச்சதால ரெண்டையும் பிடுங்கிட்டேன். வக்கீல் பேப்பரை போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பிட்டார். நன்றி.

ஓல்டு_லைன்மேன்:
வயரைப் பாருங்கன்னு முதல்லயே சொன்னேன்.

கம்பம்மெட்டு_மணி:
எங்கண்ணே சொன்னீங்க?

புளியரை_77:
எர்த் இருக்கா இல்லையா, அதை இன்னும் சொல்லலையே?