புல் வெட்டும் மெஷின்: பழையதைச் சரிசெய்வதா, 600 வெள்ளிக்குள் புதிது வாங்குவதா?

சிப்புட்வாசி

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், கடைசி வீடு எங்களுடையது. முன்னால் கார் நிற்கும் சிமெண்டுத் தரை, அதன் இரண்டு பக்கமும் புல். பின்னால் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், வரை இறங்கும் ஒரு சரிவு, முழுக்க லாலாங் புல். லோங்காங்குக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். செம்பனை இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. அதனால் புல்லை வளரவிட அம்மாவுக்குப் பயம். மழை பிடித்துவிட்டால் நாங்கள் சொல்வதைப் புல் கேட்பதில்லை.

வெட்ட வரும் ஆள் இப்போதெல்லாம் முன்பக்கத்தை மட்டும் செய்துவிட்டு, சரிவைத் தொடாமல் முழுக்காசு வாங்கிப் போகிறார். அப்பாவிடம் ஒரு பழைய மெஷின் இருக்கிறது. முதுகில் மாட்டுவது, டூ ஸ்ட்ரோக், பிரபலமான ஜப்பான் மாடலைப் பார்த்துச் செய்த நகல். பல மாதம் ஸ்டோரில் கிடந்தது. இப்போது சோக்கை மூடிக் கயிற்றை இழுத்தால் பிடிக்கிறது, சோக்கைத் திறந்ததும் அணைந்துவிடுகிறது. ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், “இன்ஜின் போச்சு, புதுசு எடுங்க” என்றார்கள்.

கையில் 600 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. புதிது வாங்கினால் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா, பேட்டரியா? நான் ஈப்போவில் வேலை செய்கிறேன், வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவேன். அப்பாவுக்கு 67 வயது. வேண்டாம் என்றாலும் அவர்தான் வெட்டுவார்.

கங்சார் மெக்கானிக்

தம்பி, புதுசு பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சோக் மூடினால் ஓடுகிறது, திறந்தால் நிற்கிறது என்றால் இன்ஜின் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சோக் மூடியிருக்கும்போது காற்று குறைவு, அதனால் வருகிற கொஞ்சம் பெட்ரோலே போதுகிறது. திறந்ததும் காற்று நிறைய வருகிறது, பெட்ரோல் அதே அளவுதான். அணையாமல் என்ன செய்யும்?

இப்படி வந்தால் பெரும்பாலும் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையில், அடைப்புதான். பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் அதன் லேசான பாகம் ஆவியாகிவிடும். மிச்சம் பிசினாகக் காய்ந்து ஜெட் துளையில் ஒட்டும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் கலந்திருப்பதால் இன்னும் மோசம். அடைப்பு இல்லையென்றால் இரண்டாவது சந்தேகம் கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் காற்றுக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட். அதில் விரிசல் இருந்தால் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும், அப்போதும் இதே கதைதான்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். கயிற்றை மெதுவாக இழுக்கும்போது ஒரு இடத்தில் கெட்டியாகத் தடுத்துப் பிறகு விடுகிறதா? தடுத்தால் கம்ப்ரெஷன் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி அதன் உலோகத்தை இன்ஜின் உடம்பில் தொடவைத்து இழுங்கள், தீப்பொறி வருகிறதா? பக்கத்தில் பெட்ரோல் டின் இருக்கக்கூடாது. கடைசியாக, கார்பரேட்டருக்குப் போகும் டியூபை உருவி டாங்கியின் பெட்ரோல் டேப்பைத் திறந்தால் பெட்ரோல் தடையில்லாமல் கொட்டுகிறதா?

ரவாங்காரன்

எதற்கு இந்த வம்பு? ஆன்லைனில் பேட்டரி மெஷின் வாங்குங்கள். 198 வோல்ட், இரண்டு பேட்டரியோடு இருநூறு வெள்ளிக்குள் வந்துவிடும். பெட்ரோல் நாற்றம் இல்லை, கயிறு இழுக்க வேண்டாம். அப்பாவுக்கும் சுலபம்.

மின்சாரத் தம்பி

அண்ணே, அந்த 198-ஐ நம்பாதீர்கள். அந்த மாதிரி பேட்டரிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கும். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட், மொத்தம் 18. முழுச் சார்ஜில் 21. பெட்டியில் 88 என்று போட்டாலும் 198 என்று போட்டாலும் உள்ளே அதே ஐந்துதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் 72 வாட் மணி சக்தி இருக்கும். அடர்த்தியான புல்லில் மோட்டார் 400 வாட் இழுத்தால் பத்து நிமிடத்தில் காலி. அதுவும் பேட்டரியில் உண்மையிலேயே 4 இருந்தால்தான், மலிவுப் பேட்டரியில் அதுவும் சந்தேகம். சிமெண்டுத் தரை ஓரம் வெட்டப் பேட்டரி நல்ல சாமான். அந்த லாலாங் சரிவுக்கு ஆகாது.

சிப்புட்வாசி

மெக்கானிக் அண்ணே, பார்த்துவிட்டேன். கயிறு நன்றாகத் தடுக்கிறது. பொறியும் நீலமாக வருகிறது. டேப்பில் பெட்ரோல் வருகிறது, ஆனால் பழுப்பு நிறம், வார்னிஷ் நாற்றம்.

கங்சார் மெக்கானிக்

வார்னிஷ் என்று சொன்னீர்களே, அங்கேயே விடை வந்துவிட்டது.

டாங்கிப் பெட்ரோலை முழுதாக வடித்துவிடுங்கள். முதுகு மெஷினில் இன்ஜின் எப்போதும் நிமிர்ந்தே இருக்கும் என்பதால் உங்களுடையதில் மிதவை வைத்த கார்பரேட்டராக இருக்கும், மோட்டார் சைக்கிளில் வருவது மாதிரி. அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பித்தளையில் மெயின் ஜெட் தெரியும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். துளை வழியாக வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து ஊற விடுங்கள். பிறகும் அடைப்பு இருந்தால் பழைய ஒயரில் உள்ள செம்புக் கம்பி இழை ஒன்றை மட்டும் விட்டு எடுங்கள். தையல் ஊசி வேண்டாம். பித்தளை மெத்தென்ற உலோகம், ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும், அப்புறம் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். ரப்பர் வளையம் உப்பியிருந்தால் மாற்றுங்கள்.

மாட்டும்போது கேஸ்கெட்டையும் ஏர் ஃபில்டர் பஞ்சையும் பாருங்கள். பஞ்சு தொட்டதும் பொடியாக உதிர்ந்தால் வாழ்க்கை முடிந்தது.

பழைய மண்டோர்

மெக்கானிக் மெஷினைப் பார்க்கிறார், நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்தில் புல்லோடுதான் காலம் போனது.

லாலாங்கின் உயிர் மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டில் இருக்கிறது. மேலே வெட்டினால் சாகாது. ஆனால் விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் இளைக்கும், நிழல் விழுந்தால் இன்னும் இளைக்கும். அதனால்தான் தோட்டத்தில் இளங்கன்றுகளுக்கு நடுவே தரையை மூடிப் படரும் முக்குனா கொடி விடுவார்கள். வீட்டில் அதைச் செய்யாதீர்கள், கொடி சுவரேறி அடுத்த வீட்டுக்கும் போய்விடும். வெட்ட வெட்ட அங்கங்கே கவ் கிராஸ் என்ற தரைப்புல் பத்தையை நட்டு வையுங்கள். அது பிடித்துக்கொண்டால் வேலை பாதியாகும்.

யாராவது மருந்து அடிக்கச் சொல்வார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. அதை அடித்த பெண்களின் நகம் கழன்றதைக் கண்ணால் பார்த்தவன் நான், தடை வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. வேறு மருந்து இருக்கிறது என்றாலும் சரிவில் அடிக்காதீர்கள். புல் செத்து மண் மொட்டையானால் ஒரு பெருமழையில் மண் எல்லாம் லோங்காங்கில் கிடக்கும்.

சரிவில் ஏறி இறங்கி வெட்டக்கூடாது, குறுக்கே நடக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கத்தி இடது பக்கமாகச் சுற்றும், வெட்டிய புல் இடப்பக்கம் விழும். அதனால் மேடு வலக்கையிலும் பள்ளம் இடக்கையிலும் இருக்கட்டும். சிமெண்டு ஓரத்தில் இரும்புக் கத்தி வேண்டாம். ஒரு முறை பட்டால் மெஷினின் தண்டு ஆளையே திருப்பிவிடும். அங்கே தங்சி, அதாவது நைலான் நரம்பு, போதும். 15 மீட்டருக்குள் பிள்ளையோ நாயோ காரோ இருக்கக்கூடாது. கண்ணாடி, பூட்ஸ் இல்லாமல் அப்பாவைத் தொடவிடாதீர்கள்.

இன்னொன்று. முதுகு மெஷினைத் தரையில் வைத்து இழுத்து, ஓடும்போதே தூக்கி மாட்ட வேண்டும். 67 வயதில் முதுகுக்கு அது ஆகாது தம்பி.

வின்னிபெக்கில் ஒரு சிப்புட்காரி

படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது, எங்கள் வீட்டில் பனி தள்ளும் மெஷினுக்கும் இதே வியாதி! இங்கே கனடாவில் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலப்பார்கள், அது ஈரத்தையும் இழுக்கும். ஏப்ரலில் டாங்கியைக் காலி செய்யாமல் வைத்தால், நவம்பரில் முதல் பனி விழும் காலையில் உங்கள் சோக் கதையேதான். மைனஸ் இருபதில் நின்று கயிறு இழுத்துப் பாருங்கள், லாலாங் எவ்வளவோ மேல்.

வாங்குவது பற்றி என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். நகராட்சி லாரி தெருப்பனியை ஒதுக்கி எங்கள் வாசலில் கெட்டியாகக் குவித்துவிட்டுப் போகும். மெஷின் அதில் முட்டும்போது கியர் உடையாமல் இருக்க ஒரு சின்ன ஆணி முதலில் முறியும்படி செய்திருக்கிறார்கள். மலிவான ஆணிதான். ஆனால் என் முதல் மெஷினுக்கு அந்த ஆணி ஊரில் எந்தக் கடையிலும் இல்லை, பனியோ நிற்கவில்லை. இரண்டாவதை வாங்கும்போது சக்தியைப் பற்றிக் கேட்கவே இல்லை, உதிரிச் சாமான் அலமாரியைக் காட்டச் சொன்னேன்.

சிப்புட்வாசி

ஓடுகிறது! ஜெட்டில் வெளிச்சமே தெரியவில்லை, செம்பு இழை விட்டதும் பச்சையாகப் பிசின் வந்தது. சோக் திறந்த பிறகும் நிற்காமல் ஓடுகிறது. மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி.

ஆனால் இன்னொரு தொல்லை. லாலாங்கில் இறக்கி முழுதாக முறுக்கினால் சுருதி இறங்குகிறது, புகை வெள்ளையாக வருகிறது. பெட்ரோலில் கலக்கும் டூ-டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெயை அப்பா கண் அளவில்தான் ஊற்றுவார். “கொஞ்சம் கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லது” என்பது அவர் கொள்கை.

கங்சார் மெக்கானிக்

அப்பாவின் கொள்கை பாதி சரி. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அது ஒரே நாளில் கொல்லும். கூடினால் கரியாகி, மெல்லக் கொல்லும். சைலன்சரைக் கழற்றுங்கள். வாயில் சின்னக் கம்பி வலை இருந்தால் அது கரியில் அடைத்திருக்கும், பிரஷ் போட்டுத் தேயுங்கள். உள்ளே சிலிண்டரின் புகைத் துவாரத்தையும் பாருங்கள். மரக்குச்சியால் சுரண்டுங்கள், பிஸ்டனைக் கீறிவிடாதீர்கள்.

கலவை மெஷினோடு வந்த புத்தகத்தில் உள்ளபடிதான். இந்த நகல்களுக்குப் பொதுவாக 25-க்கு 1 என்றிருக்கும், அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்று எழுதியிருந்தால் 20 மில்லி. மோட்டார் சைக்கிளின் ஃபோர்-டி (ஃபோர் ஸ்ட்ரோக்) எண்ணெயை இதில் ஊற்றவே கூடாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டேப்பை மூடி, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காய்ந்துவிட்டால் அடுத்த முறை இந்த நாடகம் இருக்காது.

சிப்புட்வாசி

வலை கரிக்கட்டியாக இருந்தது, சுத்தம் செய்ததும் சத்தமே மாறிவிட்டது. அப்படியானால் 600 வெள்ளியை என்ன செய்வது? அப்பா ஃபோர் ஸ்ட்ரோக் ஹோண்டா ஆசையில் இருக்கிறார்.

கங்சார் மெக்கானிக்

ஹோண்டா ஜிஎக்ஸ்35 அருமையான இன்ஜின். 35.8 சிசி, எண்ணெய் கலக்க வேண்டாம், சத்தம் குறைவு. எண்ணெய் அறை 100 மில்லிதான் என்பதால் ஒவ்வொரு முறையும் அளவு பார்க்க வேண்டும், பார்க்காமல் ஓட்டினால் போச்சு. ஆனால் 600-க்குள் அசல் புதிது கிடைக்காது. அந்த விலைக்கு யாராவது கொடுத்தால் ஸ்டிக்கர்தான் ஹோண்டா.

பழைய மண்டோர்

நான் சொல்வது இது. பழையது சரிவுக்கு இருக்கட்டும், அதை நீ வார இறுதியில் எடு. முன்பக்கத்துக்கு அப்பாவுக்கு லேசான பேட்டரி மெஷின் வாங்கிக் கொடு. பெயர் தெரிந்த கம்பெனியாக இருக்கட்டும், ஊரிலேயே சார்ஜரும் தங்சித் தலையும் தனியாகக் கிடைக்க வேண்டும். அந்த அம்மா வின்னிபெக்கிலிருந்து சொன்னது இங்கேயும் பொருந்தும்.

ரவாங்காரன்

அப்போ நான் சொன்ன பேட்டரிதானே கடைசியில்!

மின்சாரத் தம்பி

198 வோல்ட் இல்லையே அண்ணே. சிப்புட்வாசி, வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில் இருந்தால் அதே கம்பெனி மெஷினைப் பாருங்கள், பேட்டரி இல்லாமல் உடம்பு மட்டும் வாங்கலாம். காசு பாதி மிச்சம்.

சிப்புட்வாசி

டிரில் இருக்கிறது, 18 வோல்ட், பேட்டரியும் இரண்டு. சனிக்கிழமை ஈப்போவில் அதே கம்பெனிக் கடையில் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: பழைய மெஷினுக்கு வாங்கிய தங்சி ஒரு சுருள் கிடக்கிறது, 3 மில்லிமீட்டர். பேட்டரி மெஷினில் அதையே போடலாமா?

மின்சாரத் தம்பி

வேண்டாம். சின்ன மோட்டாருக்கு 1.6 அல்லது 2 மில்லிமீட்டர்தான், தலையிலேயே அளவு அச்சடித்திருக்கும். தடித்த தங்சி போட்டால் மோட்டார் சூடாகும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அந்தச் சுருளைச் சரிவு மெஷினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.