பட்டையைத் திருப்பிக் கொடுத்த சிக்சர்

பழைய அகேலா:
சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவான குருளையர் கூட்டத்துக்கு நான் அகேலாவாக, அதாவது பொறுப்பாளராக, இருந்தபோது நடந்தது. பழுப்பு ஆறு என்ற சிறு குழுவின் சிக்சர், அதாவது குழுத் தலைவன், மூன்று வாரமாக வரவில்லை. அவனுக்கு அடுத்து செகண்டாக இருந்தவனைச் சிக்சராக்கிவிட்டேன். நாலாவது வாரம் பையன் வந்து நின்றான். காய்ச்சலாம். நானும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எல்லோரும் வட்டமாகக் குத்துக்காலிட்டு, விரல்களைத் தரையில் ஊன்றி, ஓநாய்க் குட்டிகள் போல ஒன்றாகக் கத்தும் ஊளைக்குத் தயாரானபோதுதான் தன் இடத்தில் வேறொருவன் இருப்பதைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. சட்டையின் இடது கையில் சிக்சருக்கு அடையாளமாக இருந்த இரண்டு மஞ்சள் பட்டையையும், நூலைப் பல்லால் கடித்துப் பிரித்து, என் கையில் வைத்தான். "இது அவனுக்குத்தானே அகேலா?" ஒன்பது வயது. அன்றைக்கு ஊளை எப்படி முடிந்தது என்றே நினைவில்லை.

பகீரா (வேறொரு குருளையர் கூட்டத்தின் பொறுப்பாளர்):
வரவில்லை என்பதற்காகப் பட்டையைப் பிடுங்கியது தப்பு. தம்பிகள் அண்ணன்மாரின் சாரணர் படைக்குப் பின்னாலேயே ஓடி வந்ததால்தான், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1916இல் குருளையருக்குத் தனி முறையே வகுத்தார். காட்டுக் கதை, விளையாட்டு, ஆறு ஆறு பேராகக் குழு. சாரணர் படையில் அணித்தலைவன் நிஜமாகவே அணியை நடத்துவான். இங்கே நடத்துவது நாம்தான். சிக்சர் வரிசையில் முன்னால் நிற்பான், சின்னவர்களைப் பார்த்துக்கொள்வான், அவ்வளவுதான். மாற்றுவதாக இருந்தால் முதலில் வீட்டுக்குப் பேசுங்கள். அப்புறம் பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். புதியவனுக்குப் பட்டை கொடுப்பதை இன்னொரு நாளுக்குத் தள்ளி வையுங்கள். எங்கள் கூட்டத்திலும் ஒருத்தி இப்படி அழுதாள், அதனால் சொல்கிறேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?

பீவர் அக்கா:
சிக்சர் வேலை அவ்வளவுதான் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பார்ப்பது பீவர் பிரிவை, குருளையருக்கும் சின்னவர்களான ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை. எங்களிடம் பட்டையே கிடையாது. அங்கே வாயே திறக்காத ஒரு சிறுமி குருளையரில் சேர்ந்து, செகண்ட் ஆனாள். ஒரு பட்டைதான். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். புதிதாக வந்த பையனின் ஸ்கார்ஃபைச் சுருட்டிப் போட்டுவிட்டு, "ஊளையில கத்தணும், பயப்படாதே, நானும் கத்துவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டை இல்லாவிட்டால் அவள் பேசியிருப்பாளா?

பழைய அகேலா:
மன்னிப்புக் கேட்டேன், பகீரா. அடுத்த வாரமே, வட்டத்தில் எல்லார் முன்னாலும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.